மீட்டரில் பன்னிரண்டு

சாமையின் உமியை நீக்குவதற்காக எங்கள் சித்தேரி உழவர் குழுவுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த இயந்திரம் ஓடி ஓய்கிறது. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில் இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது. பேராசிரியர் நிர்மலாதேவி தட்டில் அரிசியைப் பரப்புகிறார். பாதிக்குப் பாதி உடைந்த நொய். வாங்க வந்திருக்கும் கம்பெனிக்காரர் சந்திரமோகன் தட்டைத் தள்ளி வைக்கிறார். "போன வருஷ சாம்பிள் முழுசு முழுசா இருந்துச்சுங்க மேடம். இது எங்களுக்கு ஆவாதுங்க." அவர் வாங்காவிட்டால் அறுபது வீட்டுச் சாமையும் பழையபடி தரகரிடம்தான் போகும். சாமை போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று பேராசிரியர் ஈரப்பத மீட்டரை மறுபடி மூட்டைக்குள் செருகுகிறார். பன்னிரண்டு. பல்கலைக்கழகம் தந்த கையேட்டில் இருக்க வேண்டிய அளவும் பன்னிரண்டுதான். "மீட்டருக்குப் பல்லு இல்லீங்களே மேடம்," என்கிறாள் எங்கள் குழுவின் குள்ளம்மாள். "சுசித்ரா ஒரு மணிய எடுத்துக் கடிப்பா. மிஷின்ல போடலாம்பா, இல்லன்னா இன்னொரு வெயில் காயட்டும்பா. அவ சொன்னா நொய்யே வுழாது." பேராசிரியர் பேனாவைத் திறக்கிறார். "கடிச்சா எப்படி இருக்கணும்?" எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சுசித்ரா என் மனைவி. இறந்து நான்கு மாதம் ஆகிறது. "உங்கிட்ட சொல்லியிருப்பாளே மாதேசு. நீ காலேஜு படிச்சவன்," என்கிறாள் குள்ளம்மாள். நான் கேட்டதில்லை. அவள் கடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று மீட்டர் காட்டியதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். குள்ளம்மாள் என் உள்ளங்கையில் ஒரு மணியை வைக்கிறாள். பல்லிடையில் வைத்துக் கடிக்கிறேன். மெல்லிய சத்தத்தோடு உடைகிறது. இதுதானா அந்தச் சத்தம், தெரியவில்லை. பேராசிரியரின் பேனா நோட்டின் மேல் காத்திருக்கிறது.