கதவு வரை கேட்ட மெட்டு

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஆசீர்வாதம், மனைவி ரெஜினா துணி மடித்தபடி முணுமுணுத்த ஒரே மெட்டிலிருந்து பதினொரு ஃபியூக்குகளை எழுதிவிட்டார். ஒரு குரல் தொடங்கியதும் அடுத்தடுத்த குரல்கள் அதையே பாடிக்கொண்டு துரத்தி வரும் இசை அது. ஒவ்வொன்றும் அழகாகத்தான் ஓடியது. முடிகிற இடத்தில் மட்டும் எதிலோ இடித்துக்கொண்டு நின்றது. ஆறு வருடங்களுக்கு முன், அந்த மெட்டு முடிவதற்குள் தன் அறைக் கதவைச் சாத்தியவர் அவர்தான். பன்னிரண்டாவதைத் தொடங்கும் முன் கதவைத் திறந்து, கூடத்தில் இருந்தவளிடம் கேட்டார்: "அன்னைக்குப் பாடினியே, அதை முழுசா ஒரு தடவை பாடேன்."

"எதைங்க?" மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் யோசித்தாள். "எழுத முடியலன்னு திட்டினீங்கல்ல, அதுக்கப்புறம் எதுவும் வாய்ல வர்றதில்ல."

பிறகு எழுந்து வந்து, "நீங்க எழுதுங்க" என்று கதவை மெதுவாகச் சாத்தினாள்.