லிஃப்ட் திறக்காது

"இந்த போன் மாடலோட மெமரி இவ்வளவுதான் சார். லிஃப்ட் ஆப்போட புது வெர்ஷன் ஏறவே ஏறாது," என்றாள் சர்வீஸ் சென்டர் அதிகாரி அஞ்சுகம்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தனராஜ், பெருங்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர்.

"வெர்ஷன் ஏறலைன்னா எங்க லிஃப்ட் திறக்காதும்மா. நான் பன்னிரண்டாவது மாடி. புது போன் கைக்கு வர மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பழைய வெர்ஷனே செல்லும்னு ஒரு விலக்கு போட்டுக் குடேன். நீ நினைச்சா முடியும்."

முடியும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அதே கட்டடத்தில் வீட்டுவேலை செய்தவள் அஞ்சுகத்தின் அம்மா காசியம்மா. அம்மாவின் பழைய போனை லிஃப்ட் ஏற்கவில்லை. "உங்ககூட ஏறிக்கட்டுமா சார்?" என்று ஒருநாள் கேட்டவளிடம், "ஏய், அதான் படி இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டவர் இந்தத் தனராஜ்தான். படியேறியே அம்மாவின் முட்டி தேய்ந்தது. அந்தச் சம்பளத்தில்தான் அஞ்சுகம் இன்ஜினியரிங் படித்தாள்.

"அதான் படி இருக்கே சார்," என்றாள்.

அவர் முகம் மாறியது. "நீ... காசி பொண்ணா?"

"காசியம்மா பொண்ணு. நாளைக்கு உங்க கட்டடத்துக்கே குடி வர்றோம், பதினாலாவது மாடிக்கு. எங்கம்மா போனுக்கு இப்ப லிஃப்ட் திறக்கும். கூட ஏறிக்கட்டுமான்னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க."

தனராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஏய்னு கூப்பிடாதீங்க, ஏத்த மாட்டாங்க," என்றாள் அஞ்சுகம். "அம்மான்னு கூப்பிட்டுக் கேளுங்க. அடுத்தது யாரு?"