ஐந்நூறு அடி

"என்னப்பா இது, ஒரு பொம்பளகிட்ட ஐந்நூறு அடிக்குள்ள போகக்கூடாதுன்னு கோர்ட்டு போட்டிருக்கே?" என்றார் டயர் கடை முதலாளி விர்ஜில், கணினியைப் பார்த்தபடி.

வேலை கேட்டு வந்திருந்த கர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிரிஞ்சு போன பொண்டாட்டி, சார். கேஸ் இல்ல, ஜெயில் இல்ல. வெறும் காகிதம்."

அந்த வெறும் காகிதம் அவனை எட்டு இடங்களிலிருந்து விரட்டியிருந்தது.

காவலாளி வேலைக்குத் துப்பாக்கி வேண்டும். இப்படி ஓர் உத்தரவு மேலே இருப்பவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சரக்குக் கிடங்கில் கைகுலுக்கி அனுப்பிவிட்டுப் பிறகு கணினியில் அவன் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். மறுநாள் ஃபோனை எடுக்கவில்லை.

கோர்ட்டு ஒருத்தியிடம் போகாதே என்றது. மற்றவர்கள் எங்கேயும் வராதே என்றார்கள்.

விர்ஜில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மகன் பத்தொன்பது வயதில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டியவன். அந்த ஒரு ராத்திரிக்காகப் பத்து வருடம் வேலைக்கு அலைந்தான். ஆகவே விர்ஜிலிடம் ஒருவன் தலையைக் குனிந்தால் போதும். மனிதர் நல்லவர், அதுதான் கோளாறு.

"உன் ஊரு டொலீடோவுல இல்லாத டயர் கடையா? ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு இந்த சேன்ஸ்வில்லுக்கு எதுக்கு வந்தே?"

"அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும் சார். இங்க யாருக்கும் தெரியாது."

விர்ஜில் கணினியை மூடினார். எழுந்து போய்க் கடை ஆட்கள் போடும் நீலச் சட்டை ஒன்றை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார்.

வண்டி தூக்கி வேலை செய்ய நான்கு இடங்கள் இருந்தன. கர்ட் தெருவை ஒட்டிய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நாள் முழுக்க ஷட்டர் திறந்தே கிடக்கும். ஜனவரிக் குளிரில் அங்கே ஒருத்தனும் நிற்க மாட்டான்.

"வெறச்சுப் போயிருவடா, தம்பி!"

"பழக்கந்தான் சார்."

இப்படி ஓர் உழைப்பாளியை எட்டுப் பேர் தவறவிட்டார்களே என்று விர்ஜில் மனதுக்குள் சந்தோஷப்பட்டார். அந்த எட்டு இடங்களும் சேன்ஸ்வில்லில்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அவன் மனைவி டியான் டொலீடோவை விட்டு ஓடி ஏழு மாதம் கர்ட்டுக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அவள் அம்மா வாய் திறக்கவில்லை. தோழிகள் திறக்கவில்லை.

கோர்ட்டுதான் சொன்னது.

கர்ட் ஃபோனில் அனுப்பிய மிரட்டல்களைக் காட்டி அவள் உத்தரவு வாங்கினாள். அவனுக்கு வந்த அதன் நகலில், மூன்றாம் பக்கத்தில், அவன் அண்டக்கூடாத இடம் என்று, அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பல் ஆஸ்பத்திரியின் பெயர், ஊர், தெரு, கதவு எண் எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தது. மனுவில் அவளே எழுதிக் கொடுத்தது. அங்கே மட்டும் அவன் வந்துவிடக் கூடாது என்று பயந்து எழுதினாள், பாவம்.

ஷட்டர் வாசலிலிருந்து அந்த ஆஸ்பத்திரி கதவு ஐந்நூற்று முப்பது அடி. ஞாயிற்றுக்கிழமையே வந்து அளந்திருந்தான்.

அன்று மதியம் பன்னிரண்டரைக்கு டியான் சாப்பிட வெளியே வந்தாள். கைப்பையில் கார் சாவியைத் தேடிக்கொண்டே நிமிர்ந்தாள்.

கர்ட் கையை அசைக்கவில்லை, கூப்பிடவில்லை, ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. ஷட்டர் வாசலில் நீலச் சட்டையோடு நின்றான்.

அவள் பையைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினாள்.

இனி வேலை தேட வேண்டியவள் அவள். கிடைத்ததும் புது விலாசத்தை உத்தரவில் சேர்க்கச் சொன்னால், ஒரு நகல் கர்ட்டுக்கு வரும். சேர்க்காமல் விட்டால், அந்த வாசலுக்கு அவன் வரக்கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.