மூன்று நட்சத்திரம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நெடுஞ்சாலை ஓரத்துச் சார்ஜ் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூறல். ஒரே பச்சை நிறத்தில் ஆறு குட்டி மின்சாரக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஆறு சொந்தக்காரர்களின் கையிலும் அதே கார் பத்திரிகை; இனி அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று போன மாதம்தான் சபதம் செய்தவர்கள். நடுவில் நிற்கும் டெஸ்மண்ட், மூக்குக்கண்ணாடியில் விழுந்த துளிகளைக்கூடத் துடைக்காமல் தங்கள் காரைப் பற்றிய விமர்சனத்தைச் சத்தம் போட்டு வாசிக்கிறார். "'நேர்ச் சாலையில் மின்னல். வளைவில் பக்கத்து இருக்கைக்காரரைத் தூக்கி எறிகிறது.' அஞ்சுக்கு மூணு நட்சத்திரமாம்! யாருய்யா இவன்? சைக்கிளாவது ஓட்டத் தெரியுமா இவனுக்கு?" "பெட்ரோல் நாத்தம் இல்லேன்னா இவனுங்களுக்குத் தூக்கமே வராது," என்று கத்துகிறார் பக்கத்துக் கார்க்காரர் கீத். "பத்திரிகைக்கு இன்னைக்கே எழுதுய்யா, நாறடிச்சுரு!" டெஸ்மண்ட் பத்திரிகையைச் சுருட்டிக் கார் முகப்பில் ஓங்கி அடிக்கிறார், அடித்த கையாலேயே கீறல் விழுந்ததா என்று தடவியும் பார்க்கிறார். "ஒன்றரை வருஷமா ஓட்டறேன். யாரைத் தூக்கி எறிஞ்சுது இது? என் பொண்டாட்டியையே கேளுங்கய்யா!" எல்லாத் தலைகளும் காருக்குள் திரும்புகின்றன. பக்கத்து இருக்கையில் அவர் மனைவி மேவிஸ். ரவுண்டானாவில் கொட்டிய தேநீர் அவளுடைய வெள்ளைக் கோட்டில் மார்பு முழுக்கப் பரவியிருக்கிறது. கார் நின்று கால் மணி நேரமாகியும், கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை அவள் இன்னும் விடவில்லை. ஜன்னல் கண்ணாடி மெல்ல இறங்குகிறது. "அதை எழுதின ஆளு ரொம்ப நல்லவன். என்னைக் கேட்டிருந்தா அந்த மூணையும் புடுங்கியிருப்பேன்."