வாசலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

இருபத்தாறு மணி நேரமாக அந்த டிரெய்லர் முச்சந்தியில் சிக்கி நின்றது. அதன்மேல் கிடந்த காற்றாலை இறக்கை தெருவைவிட நீளமாக இருந்தது. சாலையை அகலப்படுத்தியவர்கள் நடுவில் புதிதாக ஒரு வட்டத் திட்டு கட்டியிருந்தார்கள். கார்களுக்கு அந்த வளைவு போதும். டிரெய்லரின் முன்பக்கம் திட்டைச் சுற்றித் திரும்பியதும், பின்சக்கரங்கள் உள்வாங்கி, செல்லக்கனியின் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டன. அந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. திட்டை உடைக்க உத்தரவு வர வேண்டும்.

சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழையலாம். நேற்று அவள் அப்படித்தான் டிரைவர் மாடக்கண்ணுக்கு டீ கொண்டுவந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அவளுடைய மாமனார், "ஏல, அம்புட்டுப் பெரிய எறக்கைய வச்சிருக்க, பறந்து போயேன்" என்று இருமலோடு சிரித்தார்.

இன்று ஜன்னல் சாத்தியிருந்தது. செல்லக்கனி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு டீ கெடையாதா? பெரியவரு வேண்டாம்னுட்டாரா?"

"அடுப்பு பத்த வைக்கல, தம்பி."

"கேஸ் தீந்துட்டோ?"

அவள் சுவரில் கைவைத்து இடைவெளியைச் சாணால் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"வண்டி எப்ப நகரும்?"

"சாயங்காலம்னு சொல்லுதாவ. என்னக்கா, அவசரமா?"

"படுத்த ஆளப் பக்கவாட்டுல கொண்டுவர முடியாதுல்லா," என்றாள். "மாமா ராத்திரியே போயிட்டாவ."