சுற்றுக்கு விடப்பட்டது

பதினாறு நாள் கழித்துச் சுற்றுப் புத்தகம் காஜா பெராங்கிலுள்ள வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. கலியாணசுந்தரம் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

அந்தப் புத்தகம் அவருடைய கண்டுபிடிப்பு.

மலாக்கா வட்டாரத் தோட்ட டிரசர்கள் சங்கத்தில் பதினோரு பேர், டாக்டர் இல்லாத தோட்டங்களில் வைத்தியம் பார்ப்பவர்கள். அதன் கௌரவச் செயலாளரான அவர் ஒருவர்தான் ஓய்வு பெற்றவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு தோட்டம், ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஒரு கொட்டகை, மலேரியாவுக்கு ஒரு புட்டி கொய்னா. வருஷத்துக்கு ஒரு முறைதான் முகம் பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாளில் ஒருவரையொருவர் யோசனை கேட்கவும் சொல்லவும் இந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம்தான். பஸ் கண்டக்டர்கள் கையில் தோட்டம் தோட்டமாகப் போய்வரும்.

விதிகளும் அவருடையவையே. கேள்வி கேட்பவர் பெயர் போடக் கூடாது, எண்ணும் தோட்டத்தின் பெயரும் மட்டும். நோயாளியின் பெயர் கூடவே கூடாது. பதிலை இளையவர் முதலில் எழுத வேண்டும், மூத்தவர் பின்னால். கடைசி வார்த்தை எப்போதும் கௌரவச் செயலாளருடையது.

இந்தச் சுற்றின் கேள்வி பதினோராம் எண்ணுடையது.

“பெண், வயது இருபத்திரண்டு. முதல் கர்ப்பம், ஏழாம் மாதம். காலும் முகமும் வீங்கிவிட்டன. ஓயாத தலைவலி. கண்ணில் மின்னல் அடிக்கிறது என்கிறாள். பட்டணத்து ஆஸ்பத்திரி என்றால் கணவர் சிரிக்கிறார். துரை லாரி தரமாட்டேன் என்கிறார். நான் வேலைக்குப் புதிது, என் பேச்சு எடுபடவில்லை. மூத்தவர் இருவர் கையெழுத்திட்டு ‘உடனே’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். தாமதித்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும்.”

ஒன்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள்.

முதலாமவர், மிக முக்கியமான கேள்வி என்று பாராட்டியிருந்தார். இரண்டாமவர் முதலாமவரை வழிமொழிந்தார். மூன்றாமவர் நல்லையா, மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்தில் சங்கத்தின் பதாகை மஞ்சளா பச்சையா என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு நான்கு பக்கம் மஞ்சளும் பச்சையும்தான். தலைவர் ராஜரத்தினம், ஊர்வலத்தின் முன்னால் தாம் நடப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிவித்துவிட்டு, மருத்துவக் கேள்வியைச் செயலாளரின் நீண்ட அனுபவத்துக்கு விட்டுவிட்டார்.

பதில் தெரியாதவர் அவர்களில் ஒருவரும் இல்லை. துரைக்கு எதிராகக் கையெழுத்துப் போடும் பேனாதான் யாரிடமும் இல்லை.

கலியாணசுந்தரம் தம் பேனாவில் மை நிரப்பினார்.

“ஏங்க, ஜெயா லெட்டர் போட்டிருக்கா.” சாரதாம்பாள் கடிதத்தோடு வாசற்படியில் நின்றாள். மகளைப் பெல்ரோஸ் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். “கேளுங்க. செருப்பு ஒண்ணும் கால்ல நுழைய மாட்டேங்குதாம். அப்பாவோட பழைய செருப்பு இருந்தா பஸ்ஸுல குடுத்துவிடச் சொல்றா. அப்புறம்…”

“கிராணி பொண்டாட்டின்னு உக்காந்தே தின்னா கால் பெருக்கத்தான் செய்யும். சும்மா இரு, சங்க வேலை.”

“ஆமா, பெரிய சங்கம். மெர்டேக்காவே நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் வரும்போல.” உள்ளே போய்விட்டாள்.

பதிலின் தொடக்கத்தில் தலைவரின் பட்டங்களுக்கே இரண்டு வரி ஆயிற்று. பிறகு கேள்விக்கு வந்தார்.

‘உடனே’ என்ற வார்த்தை பேனா முனை வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் இப்படி வீங்கிய மூன்று பெண்களைப் பார்த்தவர் அவர். அதில் இரண்டு பேரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் ஊர்வலத்துக்கு அலங்கார லாரி தருவதாகத் துரைமார் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

எழுதினார்: “உள்ளூர் நிலவரத்தை அனுசரித்து உரியது செய்க.”

படித்துப் பார்த்தார். யாரையும் புண்படுத்தாத வாக்கியம்.

கடைசிப் பதிலின் தலைப்பில் கேள்வி வந்த தோட்டத்தின் பெயர் போட வேண்டும் என்பது விதி. கேள்விப் பக்கத்துக்குத் திரும்பினார். தோட்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா மையில் ஒரு வட்டம் இருந்தது.

‘சுற்றுக்கு விடப்பட்டது. கௌரவச் செயலாளர்.’

ஆகஸ்ட் நான்காம் தேதி. புத்தகம் முதலில் அவரிடம்தான் வந்தது. அன்று கேள்வியைப் படிக்கவில்லை. முத்திரை புதிது, சிங்கப்பூரில் செய்தது. எங்கே குத்தினால் எடுப்பாக இருக்கும் என்றுதான் பார்த்தார்.

பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தம் பதவிக்கு அடியில் கிடந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

பெல்ரோஸ்.

அந்தத் தோட்டத்தில் ஜெயாவைப் போல ஏழு மாதக் கர்ப்பிணிகள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டார்.

தெருமுனையில், பெல்ரோஸ் பக்கம் போகும் புக்கிட் ரம்பாய் பஸ் ஹாரன் அடித்தது. சாரதாம்பாள் பழைய செருப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சாரதா, அவ லெட்டர்ல தலைவலின்னு ஏதும் எழுதியிருக்காளா?”

“அதத்தானே அடுத்து வாசிக்க வந்தேன். நீங்கதான் சும்மா இருன்னீங்க.”