நாகம்மாளுக்கு லிஃப்ட்

"பஸ்ஸா? இந்த வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கும்மா?" என்றேன், பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் சாவியைச் சுழற்றியபடி.

நாகம்மாள் வலது கையை ஈரத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். ஏரியில் கையால் இறால் பிடிக்கும்போது கெளுத்தி மீன் முள் குத்திவிட்டதாம். விரலெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"இப்ப பஸ் வந்துரும் சார்" என்றாள் துணைக்கு வந்த காந்தா.

"அது கிளம்புறதுக்குள்ள இவங்களைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில இறக்கிடுவேன். ஆனா என்னைத் தவிர ஒருத்தர்தான் உட்கார முடியும்."

அறுபத்து மூன்றாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். டச்சுக் கல்லறை வாசலில் நிறுத்திப் படம் எடுக்கவென்றே சென்னையிலிருந்து வந்திருந்தேன். அங்கே ஓர் ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது. இப்போது பஸ் ஸ்டாண்டே பார்த்தது.

நாகம்மாள் காலை நீட்டி உள்ளே இறங்கினாள். "இன்னா சார், தரையில குந்துன மாதிரி கீது?"

"அதாம்மா சுகம். ரோட்டோட ஒட்டிப் போகும்."

ஒட்டித்தான் போனது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வந்தது. சைலன்சர் உறுமிய உறுமலில் வயல் கொக்குகள் எழுந்து பறந்தன. வளைவில் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன். அடடா!

"தொண்ணூறும்மா! எப்படி?" என்று கத்தினேன்.

"சூப்பர் சார்" என்றாள், பல்லைக் கடித்தபடி.

ஐஸ் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று எங்களை நிதானமாகத் தாண்டிப் போனது. என் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

திருப்பாலைவனம் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி. வண்டி நின்றுவிட்டது.

"ரேஸ் வண்டிக்கு இதெல்லாம் சகஜம்மா" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

பின்னாலேயே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "நாகம்மா, கை இன்னா இப்டி வீங்கிக்கீது? ஏறு, ஏறு!"

"நீ போ அர்ஜுனா. நான் இவரு வண்டியிலயே வர்றேன்."

"பஸ்லயே போங்கம்மா" என்றேன். ஒப்புக்குத்தான்.

மாட்டேன் என்று தலையாட்டினாள். பஸ் போயிற்று.

என் வெட்கமும் கூடவே போயிற்று. வலியைக்கூட மறக்கடிக்கும் சவாரி! ஒரு தடவை உட்கார்ந்தவர்கள் இறங்குவார்களா?

என் குடிதண்ணீரையெல்லாம் ரேடியேட்டர் குடித்தது. ஆறிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நாகம்மாள் இறங்கிப் போய், இடது கையால் பின்னாலிருந்து தள்ளினாள். இன்ஜின் உறுமியது. நான் கம்பீரமாக ஹாரன் அடித்தேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் திட்டுவது கேட்டது. "பஸ் வந்தும் ஏறலையா? கை வீங்கியிருக்கிற லட்சணத்துல கார் சவாரி கேக்குதோ?"

"அய்ய, சவாரியா? பள்ளத்துக்குப் பள்ளம் உசுரு போயிட்டு வந்துச்சு" என்றாள் நாகம்மாள், எனக்குக் கேட்கக்கூடாதென்று மெதுவாக. "எனக்குக் கைதான் வலி. அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமே, அழுதுருவாரு போல இருந்துச்சு. ஊரு தெரியாத மனுசன நடுரோட்டுல தனியா வுட்டுட்டு எப்டிம்மா வர்றது?"